மூத்த நயோலி

அந்தப் பேருந்து நிலையத்தில் மைக் அக்காவின் குரல் தெரியாதவர் கிடையாது. முகத்தைத் தெரிந்தவர் சொற்பம். அவள் வேலை அப்படி. மாடிப்படி முடிகிற இடத்தில் ஓர் அறை. ஓர் ஆள் எழுந்து நின்றால்தான் இன்னோர் ஆள் உட்கார முடியும். எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே கூடம், கூடத்தைத் தாண்டி வரிசையாக நடைமேடைகள். மேஜையில் கழுத்து வளைந்த ஒரு மைக், அதன் அடியில் பொத்தான். பொத்தானை அழுத்தியதும் பேசிவிடக் கூடாது. ஒரு மூச்சு விட்டுப் பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பழைய இயந்திரம் முதல் வார்த்தையைத் தின்றுவிடும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இதில்தான் கோட்டை விடுவார்கள். மைக் அக்கா வந்த வாரமே அதைப் பிடித்துக்கொண்டாள்.

தேன் சொட்டும் குரல் என்றெல்லாம் அளக்க முடியாது. அவசரமில்லாத குரல், அவ்வளவுதான். இன்னும் நேரம் இருக்கிறது, பதறாமல் வா என்று கையைப் பிடித்துச் சொல்வது போல இருக்கும். எண், ஊர், நடைமேடை. மறுபடியும் எண், ஊர், நடைமேடை. எல்லாவற்றையும் இரண்டிரண்டு தடவை சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவள் புருஷன் பணிமனையில் இன்ஜினைக் குடைகிற மனுஷன், வாய் கொஞ்சம் நீளம். "சாப்பிட வாங்க, சாப்பிட வாங்கன்னு ரெண்டு தடவை கூப்பிடுறியே தாயே, எந்த நடைமேடைக்கு வரணும்னு சொல்லு" என்பார். அவளும் சளைக்காமல், "அடுப்படி. தட்டைப் பயணிகளே கழுவிக்கணும்" என்பாள்.

அவர்களுடைய ஒரே மகனுக்கு மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோதுதான் அது நடந்தது.

விடுமுறை முடிந்து ஜனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நாள். கூடத்தில் எள் போட்டால் எள் விழாது. ஓர் இளம் பெண் மாடிப்படி ஏறி, அனுமதி கேட்காமல் அறைக்குள் நுழைந்தாள். இரண்டு கையிலும் பை. அந்தப் பைகளைப் பேருந்துக்குள் ஏற்றத்தான் குழந்தையின் கையை விட்டிருக்கிறாள். ஏற்றிவிட்டுத் திரும்பினால் குழந்தை இல்லை. பைகளை மட்டும் திரும்ப இறக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். எதை இறக்கினோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"என் பொண்ணு... மூணு வயசு... என் பொண்ணு..."

"பேரைச் சொல்லுங்கம்மா, முதல்ல பேரைச் சொல்லுங்க."

"நயோலி."

மைக் அக்கா அப்படியொரு பெயரைக் கேட்டதில்லை. இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். அன்று பொழுது சாயும்வரை மற்ற அறிவிப்புகளுக்கு நடுவே நடுவே கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொண்டை கட்டிப்போனது. குழந்தை வரவில்லை. அந்த நேரத்துக்குள் ஏகப்பட்ட பேருந்துகள் கிளம்பிப் போயிருந்தன. நெரிசலில் யாருடைய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எதில் ஏறினாளோ, யார் கண்டார்கள்? போலீஸ் வந்தது, கேட்டது, தேடியது. ஒவ்வொரு வழியிலும் ஆள் அனுப்பினார்கள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

பெற்றவள் ஊர் திரும்பவில்லை. திரும்பிப் போய் யாரிடம் என்ன சொல்வது? புருஷன் என்று சொல்லிக்கொள்ள இருந்தவன் குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கம்பி நீட்டிவிட்டான். நிலையத்துக்குப் பின்தெருவில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் அவள் தையல்காரம்மா. தினமும் வேலை முடிந்ததும் நேராக நிலையத்துக்கு வந்து, கீழே விசாரணை அறை பெஞ்சில் உட்காருவாள். மைக் அக்கா மாடியிலிருந்து பெயரைக் கூப்பிடுவாள். இவள் வாசலைப் பார்ப்பாள். கடைசிக் கூப்பிடு முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவாள்.

ஒருநாள் மைக் அக்கா வேலை முடிந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது என்ன பேரும்மா? நானும் எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கேன், இதைக் கேட்டதே இல்லையே. யார் வச்சது?"

"நான் வைக்கலக்கா. அவளே வச்சுக்கிட்டா."

பெயர் வைக்க வீட்டில் ஆளில்லை. இவளுக்கும் மனசில்லை. பாப்பா, குட்டி என்றே மாசங்கள் ஓடின. குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், தையல் இயந்திரத்துக்குக் கீழே உட்கார்ந்து துணிக் கிழிசலோடு விளையாடிக்கொண்டே ஒரு சத்தம் போடும். 'ந... யோ... லீ' என்று இழுக்கும். பசித்தாலும் அதுதான், சிரித்தாலும் அதுதான். ஒருநாள் இவளும் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். குழந்தை வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்ததாம். மறுபடி சொன்னாள். மறுபடி பார்த்தது. அப்போதே முடிவாகிவிட்டது.

"உலகத்துல எங்கேயும் இல்லாத பேருக்கா. அவ வாயில பிறந்த பேரு. ஊர் பேரு தெரியாது, என் பேரு தெரியாது, அம்மான்னுதான் சொல்வா. ஆனா உன் பேரென்னன்னு யார் கேட்டாலும் பட்டுன்னு சொல்லிடுவா." புடவையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டாள். "எடுத்து வளர்க்கிறவங்க பேரை மாத்தியிருப்பாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. மாத்தியிருப்பாங்களாக்கா? மாத்தியிருந்தா நாம கூப்பிடுறது வீண்தானே?"

"சீ, மாத்த மாட்டாங்க. குழந்தை விடுமா?" என்றாள் மைக் அக்கா. சொன்னாளே ஒழிய, அவளுக்கே நம்பிக்கையில்லை. மூன்று வயதுக் குழந்தை எத்தனை நாளைக்குப் பிடிவாதம் பிடிக்கும்? அன்று வீட்டுக்குப் போய்த் தூங்குகிற மகனை எழுப்பி அவன் பெயரைக் கேட்டாள். அவன் சொல்லிவிட்டு எரிச்சலோடு திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் சொன்னதே அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இந்த மேலாளர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கென்று ஒரு கவலை எப்போதும் இருக்கும். "காணோம் காணோம்னு தினமும் அலறினா பயணிகள் என்ன நினைப்பாங்க? இது பஸ் ஸ்டாண்டா, பிள்ளை பிடிக்கிற இடமா?" என்று அப்போதைய மேலாளர் ஒருநாள் குதித்தார். மைக் அக்கா வாதாடவில்லை. "காணோம்ங்கிற வார்த்தையை எடுத்துடறேன் சார். கூப்பிடுறதை நிறுத்தச் சொல்லாதீங்க" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அது சம்மதம் என்று இவள் எடுத்துக்கொண்டாள். அடுத்தடுத்து வந்த மேலாளர்கள் எல்லாம், ஏதோ ஆரம்பத்திலிருந்தே இருக்கிற வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அறிவிப்பு இப்படித்தான் இருந்தது: "நயோலி, அம்மா காத்திருக்கிறார். விசாரணை அறைக்கு வாம்மா." காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. மற்ற எல்லாருக்கும் 'வரவும்'. இந்த ஒரு பெயருக்கு மட்டும் 'வாம்மா'.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? தினமும் அந்த வழியாக வேலைக்குப் போய் வருகிற பெண்கள் இதைக் கேட்கிறார்கள். காணாமல் போன குழந்தை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு பெண், கொடுத்து வைத்தவள். வேலைக்கோ படிப்புக்கோ போய்விட்டு வருகிறாள். அவளுக்காக ஓர் அம்மா தினமும் வந்து காத்திருக்கிறாள். கசங்கிப்போய் வீடு திரும்புகிறவர்களுக்கு அது காதில் விழும்போது இதமாக இருந்திருக்கிறது. அதில் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருப்பார்கள் அல்லவா? ஒருத்தி பெயரை வீட்டுக்குக் கொண்டு போனாள். மைக் அக்காவுக்கு அது கொஞ்ச நாளைக்குத் தெரியவே தெரியாது.

தெரிந்த அன்று, வெட்கக்கேடு, அவளுக்குச் சந்தோஷம்தான். ஒரு பெண் கைக்குழந்தையோடு மாடியேறி வந்து, "அக்கா, உங்க குரல்ல கேட்டுக் கேட்டுத்தான் இவளுக்கு இந்தப் பேரை வச்சோம்" என்று குழந்தையை மடியில் கிடத்தினாள். தன்னை ஒருத்தி தேடி வந்து பார்த்தது மைக் அக்காவின் வேலை வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. குழந்தையைக் கொஞ்சினாள், உச்சி முகர்ந்தாள், 'நயோலிக்குட்டி' என்றுகூடக் கூப்பிட்டாள். தாய் இறங்கிப் போன பிறகுதான் உறைத்தது. கண்ணாடி வழியே கீழே விசாரணை அறை வாசலைப் பார்த்தாள். நல்லவேளை, தையல்காரம்மா வரும் நேரம் ஆகவில்லை.

ஒன்று இரண்டானது, இரண்டு பத்தானது. பிறகு கேட்பானேன்! பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் பெரிய நயோலி, சின்ன நயோலி, பல்லு நயோலி என்று மூன்று பேர். நிலையத்து வாசலில் பெயர் எழுதிய சாவிக்கொத்து விற்கிறவனிடம் முதலில் தீர்ந்து போவது அதுதான். ஒரு வேன்காரன் முன்கண்ணாடியில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தான். பெயருக்கு அர்த்தம் என்னவென்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு வாத்தியார் ஏதோ பழைய சொல் என்று அடித்துச் சொன்னார். அவரிடம் போய், அது தையல் இயந்திரத்துக்குக் கீழே பிறந்த பெயர் என்று யார் சொல்வது?

மைக் அக்காவுக்குச் சந்தோஷமெல்லாம் போய்ப் பயம் வந்துவிட்டது. ஒரே ஒருத்தி திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெயர் இருந்தது. இப்போது கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. "என் வாயாலதான் இப்படி ஆச்சு" என்று புருஷனிடம் புலம்பினாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் மனுஷன் அன்றைக்கு இருவர் தட்டையும் தானே கழுவி வைத்தார். தையல்காரம்மாவுக்கு இது தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மட்டும் இவள் முடிவு செய்தாள்.

மறைக்க முடிந்ததா? ஒருநாள் மாலை, கூப்பிட்டு முடித்த சூட்டோடு, முதுகில் பையோடு ஒரு பள்ளிச் சிறுமி விசாரணை அறைக்குள் ஓடி வந்தாள். "நான்தான் நயோலி. எங்கம்மா எங்க?" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். பெஞ்சிலிருந்து தையல்காரம்மா எழுந்த வேகத்தை வாசல் காவலாளி இன்றைக்கும் சொல்வார். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சிறுமிக்கு ஏழெட்டு வயதுதான் இருக்கும். தன் மகள் பெரியவளாகி, தலை பின்னிக்கொள்ள ஆள் தேவையில்லாத வயதுக்கு வந்திருப்பாள் என்ற கணக்கு அந்தத் தாய்க்குத் தெரியாதா? சிறுமியின் கன்னத்தைத் தொட்டு, "உன்னைக் கூப்பிடலடா கண்ணு. பஸ்ஸைப் பிடி, ஓடு" என்று அனுப்பிவிட்டாள்.

மைக் அக்கா தடதடவென்று இறங்கி வந்தாள்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றாள் தையல்காரம்மா. "சட்டைப் பையில பேர் தைச்சுக் கொடுக்கிறது நான்தானே. வருஷா வருஷம் கூடிக்கிட்டுத்தான் இருக்கு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா!"

"நீங்க நிறுத்திடுவீங்களோன்னு பயம்." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுங்க எல்லாம் அவளுக்குத் தங்கச்சிங்கக்கா. எல்லாமே அவ தொலைஞ்சப்புறம் பிறந்ததுங்க. இந்தப் பேர்ல அவளுக்கு மூத்தது ஒண்ணு இருக்கவே முடியாது. அதனால வயசு வந்த பொண்ணு ஒருத்தி வந்து நான் நயோலின்னு சொன்னா, அது அவதான். வேற யாரு?"

பேச்சு தைரியமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சில நாட்கள் தையல்காரம்மா வரவில்லை. வந்த பிறகும், எந்தக் குழந்தை வாசல் பக்கம் ஓடினாலும் பாதி எழுந்து உட்காருவாள். அதை மைக் அக்கா கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பொறுக்க முடியாமல் ஒருநாள் காவலாளியிடம் போனாள். பெரிய மீசை வைத்தவர். எல்லாரும் மீசைக்காரர் என்றே கூப்பிடுவார்கள். விசாரணை அறை வாசல் நாற்காலியில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர். அவளைத் தங்கச்சி என்பார்.

"அண்ணா, இனிமே நயோலின்னு சொல்லிக்கிட்டு எந்தப் பிள்ளை வந்தாலும் உள்ளே விடாதீங்க. உன்னை இல்லன்னு சொல்லி வாசலோட அனுப்பிடுங்க. அந்தம்மா படுற பாட்டைப் பார்க்க முடியல."

"அதுக்கென்ன தங்கச்சி, ஒரு ஈ காக்கா உள்ள போகாது" என்றார் மீசைக்காரர்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மனுஷனுக்குப் பிள்ளைகளோடு வாயாடப் பிடிக்கும். "எத்தனாவது நயோலி நீ? டோக்கன் இருக்கா?" என்று கலாய்த்துச் சிரிக்க வைத்து அனுப்பிவிடுவார். பிள்ளைகளுக்கும் அது ஒரு விளையாட்டாகப் போனது. வேண்டுமென்றே வந்து, "எங்கம்மா காத்திருக்காங்களாமே" என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். உள்ளே பெஞ்சில் தையல்காரம்மா அமைதியாக உட்கார்ந்திருந்தாள். நல்ல காரியம் செய்தோம் என்றே மைக் அக்கா நினைத்தாள். வருஷங்கள் போயின. அவள் மகன் மீசை முளைத்து வேலைக்குப் போனான்.

அன்று காலையிலிருந்தே மழை. பேருந்துகள் எல்லாம் தாமதம். மைக் அக்காவுக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் மதியக் கூப்பிட்டை விடவில்லை. அது முடிந்து நெடுநேரம் கழித்து, கூட்டம் கொஞ்சம் வடிந்தபோது டீ குடிக்க இறங்கி வந்தாள். மீசைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சிரித்தார்.

"இன்னிக்கு ஒரு கூத்து தங்கச்சி. உன் நயோலிங்க பொடிசுங்கதான் வரும்னு பார்த்தா, கல்யாண வயசுல ஒண்ணு வந்து நிக்குது."

மைக் அக்கா டீயை வாயருகே கொண்டு போனவள் நின்றாள்.

"என்ன சொன்னீங்க?"

"பொட்டியும் கையுமா வந்துச்சு. நான்தான் நயோலி, என்னைக் கூப்பிட்டாங்க, எந்த அம்மா காத்திருக்காங்கன்னு கேட்டுச்சு. எத்தனாவது நயோலின்னேன். அதுக்கு ஒண்ணும் புரியல. எங்க பக்கத்துல என் பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் வாயில நுழையாது, இங்க என்னடான்னா ஒலிபெருக்கில கூப்பிடுறாங்களேன்னு ஆச்சரியப்பட்டுச்சு. ரொம்பப் பெருமைப்படாதே பாப்பா, இங்க தெருவுக்கு நாலு நயோலி இருக்கு, உன்னை இல்லன்னேன். கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு..."

அவள் முகத்தைப் பார்த்து மீசைக்காரர் பாதியில் நிறுத்தினார். சிரிப்பு உறைந்துபோனது. அவர் முட்டாள் இல்லை. சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கிவிட்டது.

"ஐயோ" என்றார். "ஐயோ தங்கச்சி, நீ எந்தப் பிள்ளை வந்தாலும்னு..."

ஆமாம், அப்படித்தான் சொன்னாள். வயதைப் பார்த்து அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. கண் இருக்கிறவனுக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பாள்; அல்லது, இதைச் சொல்லவே கூசுகிறது, வருவாள் என்ற நம்பிக்கை எப்போதோ போயிருக்கும். டீ டம்ளர் எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. மழையில் நடைமேடை நடைமேடையாக ஓடினாள். அந்தப் பெண் பத்தாவது நடைமேடைப் பக்கம் போனாள் என்றார் மீசைக்காரர். அங்கிருந்து வெவ்வேறு திசைக்கு மூன்று பேருந்துகள் கிளம்பிப் போயிருந்தன. திரும்ப மாடிக்கு ஓடி, அந்த மூன்று வழிகளிலும் இருக்கிற நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் பேசினாள். எல்லா இடத்திலும் இவளைப் போல ஒருத்தி மைக் முன்னால் உட்கார்ந்திருப்பாள்; முகம் பார்க்காவிட்டாலும் குரலில் பழக்கம். எல்லாரும் கூப்பிட்டார்கள். ஒரு நிலையத்தில் பேருந்து முன்னாலேயே வந்து போய்விட்டிருந்தது. மற்ற இரண்டில் யாரும் வரவில்லை. தூங்கியிருப்பாளோ, வழியில் இறங்கியிருப்பாளோ. அல்லது, இங்கே ஒரு தடவை சிரித்து அனுப்பிவிட்டார்களே, இந்தப் பக்கத்தில் இந்தப் பெயர் நிறைய என்று தெரிந்துகொண்டு, காதில் விழுந்தும் சும்மா இருந்திருப்பாளோ. இந்தக் கடைசி எண்ணத்தைத்தான் மைக் அக்காவால் தாங்க முடியவில்லை.

மாலையில் தையல்காரம்மா குடையை மடக்கிக்கொண்டே வந்தாள். இருவரும் வாசலில் நிற்பதைப் பார்த்து, "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். மைக் அக்கா பெஞ்சில் உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மீசைக்காரருக்கு இட்ட உத்தரவு தன்னுடையது என்பதையும் சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடிக்கட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும், அதற்கெல்லாம் அவள் தயார்.

"வந்தாளா?" என்றாள் தையல்காரம்மா.

மைக் அக்கா குனிந்த தலையை ஆட்டினாள்.

"என் பொண்ணு வந்தாளா? இங்கேயா? இந்த வாசலுக்கா?" அவள் எழுந்து மீசைக்காரரிடம் போனாள். "அவ வாயால பேரைச் சொன்னாளா அண்ணா? என்னன்னு சொன்னா? சொல்லுங்க."

"நான்தான் நயோலின்னு சொல்லுச்சும்மா" என்றார் அவர்.

"பேரை மாத்தல!" அவள் மைக் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கண்ணிலிருந்து கொட்டுகிறது, ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. "பார்த்தீங்களாக்கா, யாரும் பேரை மாத்தல! அவ விடல! எத்தனை பேர் என்னென்ன சொன்னாங்க!" மறுபடி மீசைக்காரரிடம் திரும்பினாள். "எவ்வளவு உசரம்? என் அளவு இருப்பாளா? ஒல்லியா? நல்லா இருந்தாளா, பசியா கிசியா தெரிஞ்சுதா?"

"உங்களைவிட ஒரு பிடி உசரம். நல்லா இருந்துச்சும்மா. நல்லா இருந்துச்சு."

"என்ன கலர் போட்டிருந்தா?"

"ஞாபகம் இல்லம்மா." அந்த மனுஷன் விம்மிவிட்டார். "நான் சரியாப் பார்க்கலம்மா. சத்தியமா ஞாபகம் இல்ல."

"பரவாயில்ல, யோசிச்சுச் சொல்லுங்க. சிரிச்சாளா?"

"சிரிச்சுச்சு."

அவள் அவரை விடவில்லை. மகள் எந்த இடத்தில் நின்றாள் என்று கேட்டு அந்த இடத்தில் போய் நின்றாள். எந்தக் கையில் பெட்டி என்று கேட்டாள். முதலிலிருந்து சொல்லச் சொன்னாள், அவர் சொன்னார், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ஒரே ஒரு திட்டு, ஒரு சாபம் அவள் வாயிலிருந்து வந்திருந்தால் மைக் அக்காவுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அது வரவே இல்லை.

மாலைக் கூப்பிட்டுக்கு நேரமானது. மைக் அக்கா படியேறிப் போய் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். எத்தனையோ வருஷமாகக் காய்ச்சலிலும் தலைவலியிலும் வந்த குரல் அன்று வரவில்லை. கையை எடுத்தாள், மறுபடி அழுத்தினாள். பின்னால் தையல்காரம்மா வந்து நிற்பது தெரிந்தது.

வெளியாள் யாரும் அந்த மைக்கில் பேசக் கூடாது என்பது விதி. தையல்காரம்மாவும் ஒருநாளும் கேட்டதில்லை. மைக் அக்கா எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தாள். பொத்தானைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பேசு என்று தலையசைத்தாள்.

அம்மா காத்திருக்கிறார் என்று தையல்காரம்மா சொல்லவில்லை. விசாரணை அறை என்று சொல்லவில்லை. அடுப்படியிலிருந்து வாசலில் விளையாடும் குழந்தையைக் கூப்பிடுவது போல, கடைசி எழுத்தை இழுத்து, அந்தப் பெயரை மட்டும் கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள்.

கீழே கூடத்தில் அங்கங்கே தலைகள் நிமிர்ந்தன. தண்ணீர்க் குழாயடியில் ஒன்று, படியோரம் இரண்டு, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. இரண்டு பெண்களும் கண்ணாடியில் நெற்றி பட நின்று முகம் முகமாகப் பார்த்தார்கள். எல்லாம் சின்னப் பிள்ளைகள்.